விட்டுப் பிடித்தல்

மக்தலேனா தீவின் ஒதுக்கத்தில்
வடகாற்று இரண்டு நாளாய் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது.
மூன்றாம் நாள் காலை வானொலியில் யஸ்னாவின் குரல்:
"ஓர்ஃபெலினா, நாலு கயாக், அஞ்சு பேர்.
புயுவாப்பி வரைக்கும் என்ன கேட்பாய்?"
டீசல் விலையைச் சொன்னேன்.
மழைக்கு என்று கொஞ்சம் சேர்த்தேன்.

என் படகின் பெயர் லா போர்ஃபியாதா.
பிடிவாதக்காரி என்று பொருள்.
வைத்தது முன்னாள் கணவன்.
படகை நினைத்துத்தான் வைத்தேன் என்று
இன்றுவரை சாதிக்கிறான்.

நான்கு பேர் ஏறி வந்து காலுறையைப் பிழிந்தார்கள்.
ஐந்தாமவர், ரன்காகுவாவின் பல் மருத்துவர் எவாரிஸ்தோ,
நீலக் கயாக்கை விட்டு எழவே இல்லை.
"இதிலேயே உட்கார்ந்து வருகிறேன்,
இழுத்துக்கொண்டு போங்கள்."

யஸ்னா குரலை உயர்த்தவில்லை.
"கவிழ்ந்தால் கயிறு உங்களையும் இழுக்கும், டாக்டர்.
தலைகீழாக."
ஏறினார். அதன்பின் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை.

மஞ்சள் கயிறு, மிதக்கும் ரகம்.
மூழ்கும் கயிறு விசிறியைத் தேடிப் போகும்,
அதற்கு அந்த வீடு பிடிக்கும்.
கடையாலின் இரு கட்டைகளிலிருந்தும் ஒரு கவை,
கவையின் நுனியில் முதல் கயாக்,
அதன் வாலில் அடுத்தது, அடுத்தது, கடைசியாய் நீலம்.
அவரவர் இருக்கைக்குழியை அவரவர் மூடுங்கள் என்றாள் யஸ்னா.
மூன்று மூடிகளை நான் தொட்டுப் பார்த்தேன்.
நான்காவதை, அந்த முகத்தைப் பார்த்து, விட்டுவிட்டேன்.

பிறகு நீளம்.
அதை எண்ணில் சொல்ல எனக்குத் தெரியாது.
கிட்டே இருந்தால் சறுக்கி வந்து முதுகில் இடிக்கும்.
தள்ளி இருந்தால் குடிகாரனாய் ரோட்டை அளக்கும்.
நாம் கிளப்புகிற அலைகளில் இரண்டாவதன் பின்சரிவில்
அணியம் ஏறி நிற்க வேண்டும்,
எப்போதும் மேடேறுவதுபோல,
ஒருபோதும் ஏறி முடிக்காததுபோல.
கை கையாய் விட்டேன், பிடித்தேன், விட்டேன்.
விறைக்காமல் தொய்யாமல் கயிறு ஒரு முனகல் முனகியது.
போதும். கட்டையில் சுற்றினேன்.

நாலு நாட் வேகம்.
யஸ்னா பின்னால் பார்த்தபடி, நான் முன்னால் பார்த்தபடி.
அவள் தங்கையின் வழக்கு. என் முழங்கால்.
மழை.

சால்மன் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிப் போகும் படகு
யாரையும் பாராமல் கடந்தது.
அதன் அலை பக்கவாட்டில் வந்தது.
மூன்று கயாக்குகள் தலையாட்டிவிட்டு வந்தன.
நீலம் குனிந்தது.
நிமிரவில்லை.

மூடி எவாரிஸ்தோவின் மடியில் இருந்தது.
குளிருக்குப் போர்த்தியிருந்தார்.

கியரை எடுத்தேன்.
பின்னோக்கிப் போடத் துடிக்கிற கையை அடக்கவே
எனக்குப் பல வருடம் ஆனது.
நீர் நிறைந்த கயாக் ஒரு பசுவின் கனம்.
மற்ற மூன்றையும் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
கம்பியில் தொங்கும் கத்தியை நூலோடு பிடுங்கினாள் யஸ்னா.
"அறுக்கவா?"
அவளுடைய கயாக். பாதித் தவணை பாக்கி.
"பொறு."
ஓர் அலை.
இன்னொன்று.
"பொறு."

எவாரிஸ்தோ எழுந்து வந்து கயிற்றைப் பிடித்தார்.
விரலில் சுற்றாதே என்று மட்டும் கத்தினேன்.
பல்லைப் பிடுங்குகிற கை. நல்ல பிடி.
மற்றவர்களும் வந்தார்கள்.
மூன்றைப் பக்கவாட்டில் ஒதுக்கி
நீலத்தின் மூக்கைக் கடையால் மேல் தூக்கிப் போட்டோம்.
என் தேநீர்க் கெண்டியாலும்
யாருடையதோ ஒரு ஷூவாலும் இறைத்தோம்.

மூடியை அவரே மாட்டினார்.
விளிம்பு முழுக்க விரலை ஓட்டி, மெதுவாக,
ஈறு பார்ப்பவர்போல.
பிறகு மற்ற மூன்றையும் அப்படியே பார்த்தார்.
யாரும் சொல்லவில்லை.

புயுவாப்பிக்குள் நுழைகையில் வேகம் தணித்து
கயிற்றைச் சுருக்கினேன்.
நான்கும் கிட்டே வந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டன.
யஸ்னா காசை எண்ணித் தந்தாள்.
மழைக்குச் சேர்த்ததைத் திருப்பிக் கொடுத்தேன்,
ஏனென்று அவள் கேட்கவில்லை,
நான்காவது மூடியைப் பற்றி நானும் சொல்லவில்லை.

கத்தி அவள் பையிலேயே போய்விட்டது.
கம்பியில் வெறும் நூல் ஆடுகிறது.
இருட்டுவதற்குள் கூப்பிட வேண்டும்.